வீடு மாறும்போது: நாமே ஏற்றுவதா, கம்பெனிக்கு விடுவதா?

பெங்களூரில் பீன்யா என்ற பகுதி உள்ளது. தொழிற்சாலைகள் நிறைந்த இடம். அங்கே ஷீட் போட்ட ஒரு வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் எட்டு ஆண்டுகளாக வாடகைக்கு இருந்தது. கணவர் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். மனைவி கார்மென்ட்ஸில் தைக்கிறார். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள்.

வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் வைத்தார். வீடு வேண்டும் என்றார். மனைவிக்குப் பொம்மனஹள்ளியில் வேறு ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அந்தப் பக்கமே வீடு பார்த்தார்கள். இரண்டாவது மாடியில் ஒரு வீடு அமைந்தது.

"என்னங்க, நாள் நெருங்கிடுச்சு. சாமானை எப்படிக் கொண்டு போறது?" என்று மனைவி கேட்டார்.

"குட்டி யானை ஒண்ணு பிடிச்சா ஒரே லோடுல முடிஞ்சிடும்" என்றார் கணவர்.

மனைவியின் தம்பி பக்கத்தில் இருந்தார். "எதுக்கு மாமா கஷ்டப்படணும்? கம்பெனிக்குப் போன் பண்ணினா அவங்களே வந்து கட்டி, ஏத்தி, இறக்கிக் கொடுத்துட்டுப் போறாங்க" என்றார்.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எது சரி என்று கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அவர்களும் அன்று இரவு பிள்ளையின் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள்.

கணக்கு இப்படி

குட்டி யானை என்பது சுமார் முக்கால் டன் ஏற்றும் சின்ன சரக்கு வண்டி. வாடகை 2,200 ரூபாய் சொன்னார்கள். சுமை ஏற்றி இறக்க இரண்டு ஆட்கள். ஆளுக்கு 800 ரூபாய். ஆக 1,600. சாக்கு, கயிறு, அட்டைப் பெட்டி 400 ரூபாய். அன்றைய டீ, சாப்பாடு 300 ரூபாய். மொத்தம் 4,500 ரூபாய்.

இதோடு பலர் கணக்கை முடித்துவிடுவார்கள். அது தவறு. மூட்டை கட்ட ஒரு நாள், வண்டி ஏற்ற ஒரு நாள் என்று கணவர் இரண்டு நாள் லீவு போட வேண்டும். நாளுக்கு 700 வீதம் 1,400 ரூபாய் சம்பளம் போகும். மனைவிக்கு ஒரு நாள் சம்பளம் 450 போகும். இவற்றையும் சேர்த்தால் 6,350 ரூபாய்.

கம்பெனிக்காரர் 7,500 ரூபாய் கேட்டார். "வரி உண்டா?" என்று கேட்டபோதுதான், "18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி" என்றார். அது 1,350 ரூபாய். ஆக 8,850. கம்பெனி வந்தாலும் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். கணவனும் மனைவியும் ஆளுக்கு ஒரு நாள் லீவு. அது 1,150. மொத்தம் 10,000 ரூபாய்.

வித்தியாசம் 3,650 ரூபாய். அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய பணம். அதிலும் வீடு மாறும் வாரத்தில்தான் கையில் பணம் மிகவும் குறைவாக இருக்கும். புது வீட்டுக்காரர் அட்வான்ஸை முன்னாலேயே கேட்பார். பழைய வீட்டுக்காரர் காலி செய்த பிறகுதான் திருப்பித் தருவார். பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் பெங்களூரில் உண்டு. ஆகவே தாங்களே ஏற்றுவது என்று முடிவு செய்தார்கள்.

நாள் பார்ப்பதிலும் பணம் இருக்கிறது. மாதக் கடைசியிலும் முதல் தேதியிலும் எல்லோரும் வீடு மாறுவார்கள். வண்டி வாடகை ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். ஆடியிலும் மார்கழியிலும் தமிழ்க் குடும்பங்கள் வீடு மாறத் தயங்கும். ஆவணியும் தையும் பிறந்தால் வண்டிக்கு ஒரே அலைமோதல். நல்ல நாள் முக்கியம் என்று நினைப்பவர்கள் அன்று பால் மட்டும் காய்ச்சலாம். சாமி படம், அரிசி, உப்பு, ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் வைக்கலாம். சாமானை அடுத்த வாரம் ஒரு வேலை நாளில் ஏற்றலாம். இந்தக் குடும்பம் அப்படித்தான் செய்தது.

கட்டுவதும் ஏற்றுவதும்

கட்டுவது ஒரு வேலைதான். அவசரப்பட்டால் உடையும். இவர்கள் பத்து நாள் முன்பிருந்தே தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார்கள். அன்றாடம் வேண்டாத பாத்திரம், பண்டிகைத் துணி, பழைய புத்தகம் ஆகியவை முதலில். அடுப்பும் இரண்டு பாத்திரமும் கடைசியில். கண்ணாடிச் சாமானைப் பழைய சேலையில் சுற்றித் துணி மூட்டைக்குள் வைத்தார்கள். இதனால் துணியும் போய்ச் சேரும், கண்ணாடியும் உடையாது. கட்டிலைக் கழற்றியதும் அதன் திருகாணிகளைத் துணிப்பையில் போட்டு, அந்தக் கட்டில் காலிலேயே கட்டினார்கள். திருகாணியை வேறு பையில் போட்டுவிட்டு, பிறகு பத்து நாள் தரையில் படுப்பவர்கள் நிறையப் பேர்.

பிரிட்ஜை முந்தின நாள் இரவே நிறுத்திவிட வேண்டும். உள்ளே உள்ள தண்ணீரைத் துடைக்க வேண்டும். வண்டியில் நிமிர்த்தி நிற்க வைத்துக் கட்ட வேண்டும். படுக்க வைத்தால் கம்ப்ரஸரில் உள்ள எண்ணெய் குழாய்க்குள் இறங்கிவிடும். புது வீட்டில் இறக்கிய உடனே பிளக் மாட்டக் கூடாது. சில மணி நேரம் சும்மா நிற்க வேண்டும். டி.வி.யும் நின்றபடிதான் வர வேண்டும். கிரைண்டரின் கல்லைத் தனியாக எடுத்துவிட வேண்டும். கல் உள்ளே இருந்தால் வண்டி குலுங்கும்போது டிரம் நசுங்கும். பீரோவைக் காலி செய்துதான் தூக்க வேண்டும். துணியோடு தூக்கினால் கதவு கோணிக்கொள்ளும். தூக்குகிற ஆளின் முதுகும் போகும்.

பலரும் செய்யும் ஒரு தவறு உண்டு. சாமானுக்கு மேலே பிள்ளைகளை உட்கார வைத்துவிடுவார்கள். பஸ் செலவு மிச்சம் என்ற நினைப்பு. சரக்கு வண்டியின் பின்னால் ஆட்களை ஏற்றச் சட்டம் அனுமதிப்பதில்லை. பள்ளத்தில் வண்டி இறங்கினால் பீரோ சரியும். சாமானின் சொந்தக்காரர் ஒருவர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போகலாம். மற்றவர்கள் பஸ்ஸில்தான் போக வேண்டும். இந்தக் குடும்பத்தில் கணவர் டிரைவர் பக்கத்தில் போனார். மனைவியும் பிள்ளைகளும் பஸ்ஸில் போனார்கள்.

காலை ஆறு மணிக்கே ஏற்ற ஆரம்பித்தார்கள். பெரிய நகரங்கள் பலவற்றில் நெரிசல் நேரத்தில் சரக்கு வண்டிகளுக்குத் தடை உண்டு. இறக்கும்போது ஒரு தகராறு வந்தது. "இரண்டாவது மாடின்னு சொல்லவே இல்லையே" என்று சுமை தூக்குபவர்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்டதும் சரிதான். படிக்கட்டும் குறுகல். 300 ரூபாய் கூடக் கொடுக்க வேண்டியதாயிற்று. எத்தனை மாடி, வண்டி வாசல் வரை வருமா, பீரோ படியில் திரும்புமா என்பதையெல்லாம் முதலிலேயே பேசியிருக்க வேண்டும்.

பீரோவுக்குக் கைகொடுத்த கணவருக்கு மறுநாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. இன்னும் ஒரு நாள் சம்பளம் போயிற்று. கடைசிக் கணக்கு 7,350 ரூபாய். அப்படியும் 2,650 ரூபாய் மிச்சம்தான். ஆனால் நினைத்த அளவு மிச்சம் இல்லை. உதவிக்கு ஆள் இல்லாதவர்கள், வயதானவர்கள், கர்ப்பிணிகள், இடுப்பு வலிக்காரர்கள் இந்த 2,650 ரூபாய்க்காகச் சாமான் தூக்க வேண்டாம்.

ஊர் விட்டு ஊர் போகும்போது

தூரம் கூடினால் கணக்கு மாறும். மும்பை தாராவியில் இருந்த ஒரு குடும்பத்தைப் பார்க்கலாம். கணவர் முப்பது ஆண்டுகள் தோல் பட்டறையில் பை தைத்தவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஊருக்கே திரும்பி, அங்கே பை தைத்து விற்கலாம் என்று முடிவு செய்தார். சாலை வழியாக 1,500 கிலோமீட்டருக்கு மேல் தூரம். தனி லாரி பிடிக்கக் கட்டுப்படியாகாது.

முதலில் எதைக் கொண்டுபோவது என்று யோசித்தார்கள். பழைய கட்டில், துருப்பிடித்த பீரோ, பத்து வருட பிரிட்ஜ் ஆகியவற்றை அங்கேயே விற்றார்கள். விற்றால் குறைந்த பணம்தான் வரும். ஆனால் ஏற்றிச் செல்லும் கூலி அதைவிட அதிகம். மனைவிக்குத்தான் மனசு வரவில்லை. கட்டில் அவர் கல்யாணத்துக்கு வாங்கியது. ஆனால் தோல் தைக்கும் மெஷினை விட முடியாது. அதுதான் இனிமேல் சோறு போட வேண்டியது. புதிதாக வாங்கப் பணமும் இல்லை.

ரயிலில் கொண்டுபோக முடியுமா என்றும் விசாரித்தார்கள். ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு ஆளுக்கு 40 கிலோ இலவசம். இரண்டாம் வகுப்புக்கு 35 கிலோ. அதற்கு மேல் உள்ளதை லக்கேஜ் அலுவலகத்தில் எடை போட்டுப் பணம் கட்டிப் பதிய வேண்டும். ரயில் புறப்பட அரை மணி நேரத்துக்கு முன்பாவது கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு மூட்டையிலும் பெயரும் ஊரும் எழுத வேண்டும். காலியான கேஸ் சிலிண்டரைக்கூட ஏற்ற மாட்டார்கள். மோட்டார் சைக்கிள் என்றால் பெட்ரோல் டாங்கியைக் காலி செய்ய வேண்டும். போய்ச் சேர்ந்ததும் தாமதிக்காமல் எடுக்க வேண்டும். தாமதித்தால் அதற்குத் தனிக் கட்டணம். மூட்டைகள் குறைவாக இருந்தால் இது நல்ல வழி. இவர்களிடம் 43 உருப்படிகள் இருந்தன. மெஷின் வேறு. ஆகவே கம்பெனியைத் தேடினார்கள்.

ஆனால் பயம் இருந்தது. அடுத்த சந்தில் இருந்த ஒரு குடும்பம் முந்தின வருடம் ஏமாந்து போயிருந்தது. போனில் விளம்பரம் பார்த்துப் பேசினார்கள். 18,000 ரூபாய் என்றார்கள். 5,000 அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சாமானை ஏற்றிப் போனார்கள். மூன்றாம் நாள் போன் வந்தது. "எடை கூடிவிட்டது. இன்னும் 22,000 அனுப்பினால்தான் வண்டி நகரும்" என்றார்கள். அந்தக் குடும்பம் ஊரில் வெறும் வீட்டில் உட்கார்ந்திருந்தது. கடன் வாங்கி 15,000 அனுப்பினார்கள். சாமான் வந்தது. டி.வி. வரவில்லை. கையில் ரசீது இல்லை. ஒரு போன் நம்பர் மட்டும் இருந்தது. அதுவும் பிறகு எடுபடவில்லை.

இப்படிப்பட்ட மோசடி நாடு முழுவதும் நடக்கிறது. பெரிய கம்பெனிகளின் பெயரைப் போலவே பெயர் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் கேட்பதில் பாதிதான் கேட்பார்கள்.

தாராவிக் குடும்பம் மூன்று இடத்தில் விலை கேட்டது. 34,000, 31,000, 16,000 என்று சொன்னார்கள். முதல் இரண்டு கம்பெனிக்காரர்கள் வீட்டுக்கு வந்து சாமானைப் பார்த்தார்கள். 16,000 கேட்டவர் வரவே இல்லை. பார்க்காமலே விலை சொல்பவர் பிறகு "எடை கூடிவிட்டது" என்று சொல்ல வழி வைத்துக்கொள்கிறார். அவரை விட்டுவிட்டார்கள்.

31,000 கேட்ட கம்பெனியின் அலுவலகத்துக்குக் கணவர் நேரில் போனார். ஜி.எஸ்.டி. எண்ணைக் கேட்டு வாங்கினார். அந்த எண்ணில் 15 எழுத்துகளும் இலக்கங்களும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் காட்டும். மகாராஷ்டிரத்துக்கு 27, கர்நாடகத்துக்கு 29, தமிழ்நாட்டுக்கு 33. அரசின் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும். மகன் செல்போனில் பார்த்துச் சொன்னான். பெயர் ஒத்துப்போனது.

வரி, ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் சேர்த்து 31,000 என்று எழுத்தில் வாங்கினார்கள். 6,000 முன்பணம், மீதி ஊரில் சாமான் இறங்கிய பிறகு என்று பேசினார்கள். முழுப் பணத்தையும் முன்னால் கேட்பவரிடம் சாமானைக் கொடுக்கவே கூடாது.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. சாலை வழியாகச் சரக்கு ஏற்றிச் செல்வோருக்கு 2007-ல் ஒரு சட்டம் வந்தது. 2011-ல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி அவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும். சரக்குக்கு ரசீது தர வேண்டும். சாமான் தொலைந்தால் வாடகையைப் போல் பத்து மடங்கு வரைதான் பொறுப்பு. எழுதிக் கொடுத்த மதிப்பையும் அது தாண்டாது. அதிக மதிப்பைக் குறிப்பிட்டு, அதற்கான கூடுதல் கட்டணம் கட்டியிருந்தால் மட்டும் அதிகம் கேட்கலாம். 31,000 வாடகைக்கு 3,10,000 வரை. இவர்கள் சாமான் அதற்குள் அடங்கியது. 3,000 ரூபாய் வாடகையில் மோட்டார் சைக்கிளை அனுப்பினால் 30,000-க்கு மேல் கிடைக்காது. இன்ஷூரன்ஸ் என்று சொல்லிப் பணம் கேட்டால், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பாலிசித் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். தாள் இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸும் இல்லை.

சாமான் தொலைந்தால், ஏற்றப் பதிந்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். வாயால் சொன்னது செல்லாது. சாமானைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்டால் போலீசில் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915. இணையவழியில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே 1930. தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் எதற்கும் ரசீது வேண்டும்.

நகை, பணம், ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், மருந்து ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டார்கள். இவை எந்த வண்டியிலும் ஏறக் கூடாது. கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, மாற்றுச் சீட்டும் வாங்கினார்கள். அந்தச் சீட்டைக் காட்டினால் புது ஊரில் இணைப்பு கிடைக்கும். பீன்யாக் குடும்பத்துக்கு இந்த வேலை இல்லை. ஒரே நகரத்துக்குள் மாறினால் சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்காமலே இணைப்பை மாற்றிக்கொள்ளலாம்.

பட்டியல்

மனைவி முதியோர் கல்வி வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். மூட்டை கட்டும்போதே ஒவ்வொன்றின் மீதும் பெரிய எழுத்தில் ஓர் எண் போட்டார். 1 முதல் 43 வரை. நோட்டில் அதே எண்ணுக்கு நேராக உள்ளே என்ன இருக்கிறது என்று தமிழில் எழுதினார். 12, ஸ்டூல். 29, மெஷினின் தலைப்பகுதி, மரப்பெட்டி. 36, பித்தளைப் பாத்திரம், சாக்கு. கம்பெனியின் பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது. ஆனால் எண் எல்லோருக்கும் ஒன்றுதான். நோட்டில் "மொத்தம் 43" என்று எழுதி, அதன் கீழே கம்பெனிக்காரரைக் கையெழுத்துப் போடச் சொன்னார். லாரியின் நம்பரையும் எழுதிக்கொண்டார்.

இந்த லாரியில் வேறு சில குடும்பங்களின் சாமானும் ஏறியது. அதனால்தான் கூலி குறைவு. வழியில் வேறு லாரிக்கும் மாற்றுவார்கள். சாமான் கலந்துவிட இதில் வாய்ப்பு அதிகம்.

எட்டாம் நாள் லாரி வந்தது. ஆட்கள் மளமளவென்று இறக்கினார்கள். எல்லாம் இறங்கிவிட்டது, கையெழுத்துப் போடுங்கள் என்று டிரைவர் இந்தியில் சொன்னார். அவருக்கு நாகர்கோவிலுக்குப் போக வேண்டும். மனைவி நோட்டை எடுத்தார். ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து டிக் அடித்தார். 41 தான் இருந்தது. 29-ம் 36-ம் இல்லை.

கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. 29 என்றால் மெஷின். டிரைவர் அவசரப்படுத்தினார். இல்லாவிட்டால் பிறகு அனுப்பி வைப்பதாகச் சொன்னார். மனைவி கையெழுத்துப் போடவில்லை. லாரிக்குள் ஏறிப் பார்க்க வேண்டும் என்றார். மீதிப் பணமும் அவர் இடுப்பில்தான் இருந்தது. டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே தார்ப்பாயை விலக்கினார். மகன் ஏறினான். யாருடைய கட்டிலோ சாய்த்து வைத்திருந்தது. அதன் பின்னால் மரப்பெட்டி இருந்தது. பெட்டியின் மேல் 29 என்று பெரிதாக எழுதியிருந்தது. சாக்கு அதன் பக்கத்திலேயே கிடந்தது.

இரண்டையும் இறக்கினார்கள். பெட்டியைத் திறந்து கணவர் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். ஊசி ஏறி இறங்கியது. மனைவி நோட்டில் இரண்டு டிக் அடித்தார். ஸ்டூலின் ஒரு கால் உடைந்திருந்தது. டிரைவரின் தாளில் "12, ஸ்டூல் கால் உடைந்துள்ளது" என்று தமிழில் எழுதினார். அதன் கீழே கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் தேதியும் எழுதினார். பிறகுதான் மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.